ரங்கூன் கப்பலில் அம்மை

"பதினஞ்சு நாளைக்கு இந்தக் குடிசையை விட்டு ஒருத்தரும் வெளியே வரக் கூடாது. வெளியாள் ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது. மீறினா கேஸ்!"

குடிசைக்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் இருதயராஜ், கூடியிருந்த சனத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

நான் அப்பாதுரை, அவருக்குக் கீழே அம்மை குத்துகிற உத்தியோகம். திண்டிவனத்திலிருந்து எந்தக் கிராமத்துக்குப் போனாலும் அவருக்குச் சைக்கிள், எனக்கு மருந்துப் பெட்டியோடு நடராஜா சர்வீஸ். அது போகட்டும்.

முப்பத்தாறாம் வருஷம் அது. குடிசைக்காரன் தாண்டவராயன் ரங்கூனில் அரிசி மில் கூலி. ஐந்து வருஷம் கழித்து அன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தான். கப்பலில் வந்தவர்களை மெட்ராஸ் ஹார்பர் டாக்டர் பார்த்து அனுப்பினாலும், ஊரில் இன்ஸ்பெக்டர் இன்னொரு தரம் பார்க்க வேண்டும். பார்க்க வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து.

"என்னா சார், இப்படிச் சொல்லிட்டீங்க?" பண்ணையார் பாண்டுரங்கன் முன்னால் வந்தார். அவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். "குடிசை என் மனையில இருக்குது. மல்லாட்டை புடுங்க ஆள் இல்லாம ஒரே பேஜாரு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் கொல்லைக்கு இட்டுக்கினு போகத்தான் இம்மா நேரமா நிக்கிறேன்."

"தாராளமா இட்டுக்கினு போங்க. கப்பல்ல அம்மை. நாளைக்கு உங்க வீட்டுல யாருக்காவது முத்து போட்டா என்னைக் கேக்காதீங்க."

பண்ணையார் நாலடி பின்னால் போனார்.

"அடைச்சு வெச்சவங்க சாப்பாட்டுக்கு என்னா பண்ணுவாங்க?" இன்ஸ்பெக்டரே தொடர்ந்தார். "பசி தாங்காம கெளம்பினா, முதல்ல உங்க வாசல்லதான் வந்து நிப்பாங்க."

"ஐயையோ, வேணாம் சார்! கேப்பையும் கருவாடும் நானே குடுத்தனுப்பறேன். அங்கியே கெடக்கட்டும்!"

ஒரு மணி நேரத்தில் குடிசை வாசலில் வேப்பிலை தொங்கியது. கட்டச் சொல்லி ஆள் அனுப்பியவரும் பண்ணையார்தான்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! திரும்பும் வழியில் கேட்டே விட்டேன்.

"சார், அஞ்சு வருஷம் கழிச்சி வந்தவன். மூணு வாரத்துல திரும்பக் கப்பல் ஏறணுமாம். அதுல பதினஞ்சு நாளை ஜெயிலாக்கிட்டீங்களே. அவன் நாலு சொந்தபந்தத்தைப் பார்க்க வேணாமா?"

"சட்டம்னா சட்டந்தான் அப்பாதுரை."

சட்டமாம் சட்டம்!

தினமும் மத்தியான வெயிலில் எனக்கு நாலு மைல் நடை. இன்ஸ்பெக்டர் குடிசைக்கு இருபதடி தள்ளி நின்று, "காய்ச்சல் உண்டா?" என்பார். "இல்லீங்க" என்பான். நோட்டில் குறித்துக்கொள்வார். மறந்தும் ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. கல்லுளிமங்கன்!

தாண்டவராயன் கப்பலேறியபோது அவன் பெண்டாட்டி பொன்னி முழுகாமல் இருந்தாள். அப்புறம் பிறந்த பெண்தான் ஜெயம். அப்பன் முகமே அதற்குத் தெரியாது.

இரண்டாம் நாள் அவன் ஆசையாகக் கையை நீட்டினான். "அந்த ஆளைப் போவச் சொல்லும்மா!" என்று வீரிட்டது குழந்தை.

அவன் முகம் சுண்டிப் போயிற்று. "இது எங்கிட்ட வராமலே நான் கப்பலேறிடுவேன் போலக்குதுங்க" என்றான் என்னிடம்.

ஐந்தாம் நாள் அவன் கையால் கருவாடு வாங்கித் தின்றது. ஒன்பதாம் நாள் அவன் முதுகில் யானைச் சவாரி. பன்னிரண்டாம் நாள் நாங்கள் போனபோது, "நைனா தூங்குது, கத்தாதீங்க!" என்று எங்களையே அதட்டியது. நான் சிரித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் நோட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

பதினாறாம் நாள் காலையில் வேப்பிலையை அவிழ்த்துப் போடச் சொன்னார். அதற்குள் பண்ணையார் வெளியூர் ஆட்களை வைத்து மல்லாட்டையைப் பிடுங்கி முடித்திருந்தார்.

நாலைந்து நாள் கழித்துத் திண்டிவனம் ஸ்டேஷனில் தாண்டவராயனைப் பார்த்தேன். மெட்ராஸ் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தான். "நானும் கப்பலுக்கு வர்றேன் நைனா" என்று ஜெயம் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை. பொன்னி பக்கத்தில் கண்ணைத் துடைத்தபடி நின்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை.

"மனசுல வெச்சுக்காதே தாண்டவராயா. எங்க இன்ஸ்பெக்டருக்கு ஈவு இரக்கம் கொஞ்சம் கம்மி. கப்பல்ல எவனுக்கோ அம்மைன்னு உன்னைப் போட்டு அடைச்சுட்டாரு."

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உங்ககிட்டகூட அவரு சொல்லலீங்களா? கப்பல்ல ஒருத்தருக்குத் தும்மல்கூட இல்லீங்க."

"என்னது!"

"அன்னிக்கு உள்ளே வந்து நாக்கைப் பார்த்தாரு, கண்ணைப் பார்த்தாரு. 'உனக்கு ஒண்ணுமில்ல'ன்னாரு. வெளியே ஆண்டை 'ஜல்தி வாங்க'ன்னு கத்திக்கினு இருந்தாரு. இது என்னைக் கண்டு பயந்து ஆத்தா சீலைக்குள்ள பூந்துக்கிச்சு. அதையே பார்த்துக்கினு இருந்தவரு, 'இந்தக் கொழந்தை உங்கிட்ட வர எத்தினி நாளாவும்?'னு கேட்டாரு."

"நீ என்னா சொன்னே?"

"பதினஞ்சு நாளாவது ஆவுங்கன்னு சொன்னேன்."