கலங்கல் தண்ணீர்

எண்பத்தோராம் வருஷத்து ஆனி வெயில் காரைக்கால் ஆஸ்பத்திரி ஜன்னலில் நிற்கிறது. சோதனைக் கம்பிகள் ஆடக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். நெடுங்காட்டு நடவுக்காரி அஞ்சுகத்தின் தலை முழுக்கக் கம்பிகள். நகரும் தாளில் எட்டுப் பேனாமுட்கள் அவள் மூளையின் அலைகளைக் கீறுகின்றன. பாம்புக்குப் பயந்து இரண்டு குறுவைப் பருவமாக அவள் வயலில் இறங்கவில்லை. டாக்டர் சோமசேகரன் கண்ணாடிச் சாடியை அவள் முகத்தருகே நீட்டுகிறார். உள்ளே உயிருள்ள தண்ணீர்ப்பாம்பு நெளிகிறது. முட்கள் அமைதியாகவே ஓடுகின்றன. “பயமா இல்லியாம்மா?” “இதுதான் கண்ணுக்குத் தெரியுதுங்களே ஐயா.” அவர் சாடியை ஒதுக்கிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் தோட்டத்து மண்ணைக் கரைத்து அவள் காலடியில் வைக்கிறார். “உள்ள ஒண்ணுமில்ல. காலை வைம்மா.” கட்டைவிரல் கலங்கலைத் தொட்டதும் எட்டு முட்களும் தாளைக் கிழிக்கின்றன. நடவுக்கு இறங்குகிறவளைப்போல் அஞ்சுகம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுகாலையும் வாளிக்குள் வைக்கத் தூக்குகிறாள்.