மேசை போட்ட பூஜ்யம்

எஸ்தர் டீச்சருக்கு அந்த மேசைகளைக் கண்டாலே ஆகாது. மூன்றாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்கு ஒன்று என்று எட்டு கணினி மேசைகள். யார் எவ்வளவு பேசினார்கள் என்று அளந்து, குழுவின் ஒத்துழைப்புக்கு அவைதான் மதிப்பெண் போடும். பேச ஆளுக்கு அரை நிமிடம்.

அன்றைய கேள்வி, விதையைத் தலைகீழாக நட்டால் என்ன ஆகும் என்பது. திக்கித் திக்கிப் பேசும் நிலோஃபர், "மு... மு..." என்பதற்குள் அரை நிமிடம் போய்விட்டது.

"அடுத்தவர்," என்றது மேசை.

"என் நேரத்தையும் அவளே எடுத்துக்கிடட்டும்," என்றான் அதே மேசையிலிருந்த இசக்கிராஜ். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மேசை "அடுத்தவர், அடுத்தவர்" என்று கத்தியும் மூவரும் வாயைத் திறக்கவில்லை. நிலோஃபர் நிதானமாகத் திக்கினாள்.

"மு... முளை மேலதான் வரும்!"

உடனே டீச்சரின் திரையில் தீர்ப்பு வந்தது: "மூவர் பங்கேற்கவில்லை. ஒத்துழைப்பு பூஜ்யம். குழுவைப் பிரிக்கவும்." கீழே 'சரி' என்ற பொத்தான் மட்டும்தான் இருந்தது.

டீச்சர் அதைத் தொடவில்லை. விறுவிறுவென்று வந்து, அந்த மேசையின் சுவிட்சைப் பட்டென்று அணைத்தார்.

"பிள்ளைகளா, இன்னும் ஏழு மேசை இருக்கு. நாலு பேரும் பங்கு போட்டு அணைங்க, பாப்போம்."