நொறுங்கிய லேப்டாப்

அக்கா வீட்டில் இணையம் நத்தையாக ஊர்ந்ததால், சரிபார்க்கத் தம்பி வந்திருந்தான். வேகம் முழுவதையும் அக்காவின் லேப்டாப்பே விழுங்கிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

“அதைத்தான் உங்க மாமா சுத்தியலால நொறுக்கிட்டாரேடா! தடுக்கப் போய்த்தான் என் கையும் உடைஞ்சுது. அன்னிக்கே குப்பையில போட்டாச்சு.”

தம்பி தன் கணினியிலிருந்து அந்த லேப்டாப்பின் பகிர்வுக் கோப்புறையைத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு வீடியோ இருந்தது. அதில் மாமா இதே கூடத்தில் மண்டை பிளந்து கிடந்தார். ரத்தம் சோபாவுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. வீடியோவின் மூலையில் இன்றைய தேதியும், வர இன்னும் பத்து நிமிடம் இருக்கும் ஒரு நேரமும் தெரிந்தன.

“காலையில நல்லாத்தானே கிளம்பிப் போனாரு?” என்றாள் அக்கா. குரலில் நடுக்கமே இல்லை.

வாசற்கதவில் உதை விழுந்தது. “கதவைத் தொறடி! யாருடி உள்ள?” மாமாவின் குரல்தான்.

“தொறக்காதக்கா!” என்று தம்பி பதறினான்.

அக்கா வீடியோவை இன்னொரு முறை முழுதாகப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.