கமாண்டரின் பக்குவம்

“முதல் ரெண்டு சீசன்ல என்ன கத்து கத்துவார்! மூணாவதுல பாருங்க, விண்கலமே பத்தி எரியுது, மனுஷன் காதோட காதா பேசறார். இதுல்ல வளர்ச்சி!”

மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கில் கூடியிருந்த அந்த விண்வெளித் தொடரின் ரசிகர்கள் விசிலடித்தார்கள்.

“கமாண்டர் மகளைப் பறிகொடுத்த துக்கம் சார் அது” என்றார் கணக்கு டீச்சர்.

“துக்கமாவது! ஞானம் டீச்சர், ஞானம்! அடுத்த சீசன்ல பழையபடி கத்தவிட்டாங்கன்னா டிவியைப் போட்டு உடைச்சிடுவேன்.”

கடைசி வரிசைத் தொப்பிக்காரருக்கு பிஸ்கட் தொண்டையில் சிக்கியது. அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. திறந்தால் குட்டு உடைந்துவிடும். கமாண்டருக்குத் தமிழில் குரல் கொடுப்பவரே அவர்தான்.

மூன்றாவது சீசன் முழுவதையும் வீட்டில், எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்திருந்தார். இரண்டடி தள்ளித் தொட்டிலில் கைக்குழந்தை. அது முழித்துக்கொண்டால் மனைவி உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அடுத்த வருஷப் பதிவில் ஆசை தீரக் கத்தலாம் என்றிருந்தார்.

போன் அடித்தது. மனைவிதான்.

“என்னங்க, டாக்டர் உறுதியாச் சொல்லிட்டாங்க. ரெட்டைப் பிள்ளைங்களாம்!”

தொப்பிக்காரர் போனை வைத்துவிட்டு, மருந்துக்கடைக்காரரைப் பார்த்தபடி மெல்ல எழுந்தார். கமாண்டரின் குரலைக் கேட்டு அரங்கமே திரும்பிப் பார்த்தது.

“பயப்படாதீங்க. அடுத்த சீசன்ல கமாண்டர் ரெண்டு மடங்கு பக்குவமாயிடுவார்.”