சந்தேகம் உள்ளவர்கள் நேரில் கேட்கலாம்

மதராஸிலிருந்து ஆந்திரா பிரிந்த வருஷம், சித்தூரில் ஓர் இருமல் மருந்துக் கம்பெனிக்கு அதன் குமாஸ்தா தியோடர்தான் விளம்பர நோட்டீஸ் எழுதினார். 'மூன்றே புட்டியில் என் மனைவி சலோமி குணமடைந்தாள். சந்தேகம் உள்ளவர்கள் நேரில் கேட்கலாம்' என்று எழுதி, தம் பெயரையும் வீட்டு விலாசத்தையுமே போட்டார். சலோமி இறந்து ஏழு மாதமாகியிருந்தது. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் யார் போய்க் கேட்கப்போகிறார்கள்?

நகரியிலிருந்து தணிகாசலம் என்ற விவசாயி கம்பெனிக்கு மருந்து வாங்க வந்தார்.

"நோட்டீஸ நம்பி வாங்குவனா சார்? உங்க ஊட்டாண்ட போய் அம்மாவையே கேட்டுக்கினுதான் வரேன்."

தியோடர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுச் சாவி அங்கேதான் இருந்தது.

"என்ன சொன்னாள்?"

"மருந்து நல்லதுதான்னாங்க. நீங்கதான் ஒரு புட்டியோட நிறுத்திட்டீங்களாம். மீதி ரெண்டை இன்னிக்காவது எடுத்துக்கினு போங்க சார். இன்னும் இருமிக்கினேதான் இருக்காங்க."