முழங்கைக் குழி

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் மேற்கு ஜன்னலில் பனிமஞ்சு வந்து சாய்ந்து நிற்கிறது. பால்போன்ற அந்த வெளிச்சத்தில், தான் செய்த, நின்று குடிப்பதற்கான உயரமான புது மதுமேசையின் மேல் கட்டித் தேயிலைச் சாயத்தைத் துணியால் தேய்த்துக்கொண்டிருக்கிறார் தச்சர் தாவூத். காலையில் வெளுத்துக் கிடந்த பலகை இப்போது நூறு வருசம் புகை குடித்ததுபோல் இருக்கிறது. "ஏனுங்க பாய், புதுப் பலகையைப் போயி இப்பிடிக் கெழடாக்கறீங்களே?" என்கிறார் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைக்கும் பட்லர் மூக்கன். "தொரையோட அப்பா செத்துட்டாருன்னு சீமையிலிருந்து கடுதாசி வந்துச்சில்லீங்க? அவரு தெனமும் நின்னு குடிச்ச கடை மேசை மாதிரியே வேணுமாம். அவரு முழங்கை ஊனித் தேஞ்ச குழிகூட வேணுமாமுங்க" என்கிறார் தாவூத். அந்தக் குழிக்கு அளவு சொல்ல ஆளில்லை. நான்கு நாளாகத் தன் முழங்கையையே ஊன்றி ஊன்றிப் பார்த்து, மணல் போட்டுத் தேய்த்து இழைத்திருக்கிறார் தாவூத். துரை ஓசையில்லாமல் உள்ளே வருகிறார். குழியை விரலால் தடவுகிறார். அதில் ஊன்றாமல், பக்கத்தில் தன் முழங்கையை வைத்துக்கொள்கிறார். மூக்கனிடம் இரண்டு கோப்பை ஊற்றச் சொல்லி, ஒன்றைக் குழிக்கு நேராக நகர்த்துகிறார். பிறகு அந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ மெதுவாகச் சொல்லிச் சிரிக்கிறார். ஒரு சொட்டும் குடித்தறியாத தாவூத், சாயம் படிந்த கையால் தன் முழங்கையை மெல்ல மூடிக்கொள்கிறார்.