வாங்காத பிளவுஸ்

உடம்பு இளைக்க இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கிக்கொண்ட ஒன்பதாம் மாதம், ஆபரேஷனுக்கு முன்னால் தைக்கக் கொடுத்திருந்த பிளவுஸை வாங்கப் போனாள் தில்லைநாயகி. பன்னிரண்டு வருடமாக அவளுக்குத் தைக்கிற டெய்லருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"தில்லைநாயகி பேர்ல ஒரு பிளவுஸ் இருக்கும்ண்ணே."

"தங்கச்சியாம்மா? அக்கா ஏன் வரல?"

"செத்துட்டா," என்றாள். வாயில் அதுதான் வந்தது.

டெய்லர் அந்தப் பெரிய பிளவுஸாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கமான மனுஷி. 'பந்தல் துணியா எடுத்தாந்தீங்க'ன்னு நான் கேலி பண்ணுவேன். நான் சிரிக்கிறதுக்கு முன்னாடி அவங்க சிரிப்பாங்க."

"அவளுக்கு அது பிடிக்காதுண்ணே."

அவர் காதில் விழவில்லை. கத்தரியை எடுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இனி இது யாருக்கு ஆகும்? பிரிச்சா உங்களுக்கு ரெண்டு தேறும். வெட்டிரட்டுமா?"

"வெட்டுங்க," என்றாள்.